வாடகை இல்லாத வீடு: செஞ்சியில் ஒரு போக்கியக் கணக்கு

"வாடகையே கிடையாது தம்பி. நாலு லட்சம் குடுங்க, மூணு வருஷம் இருங்க. போறப்போ அதே நாலு லட்சத்த எண்ணி வாங்கிட்டுப் போங்க."

செஞ்சியில் வீடு தேடி அலைந்த நான்காவது நாள் இதைக் கேட்டேன். இரண்டு ரூம், ஹால், தனி கிணறு, பின்னால் ஒரு முருங்கை. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதே அளவு வீட்டுக்கு அந்தத் தெருவில் 5,500 ரூபாய் வாடகை சொல்லியிருந்தார்கள். வேலை நிமித்தமாக மூன்று வருஷம் அங்கே இருந்தாக வேண்டும். மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வீட்டுக்கு ஒதுக்க முடியாது. சேமிப்பில் நாலு லட்சத்தைச் சற்றுத் தாண்டி இருந்தது. அப்படிப்பட்டவனிடம் "வாடகையே கிடையாது" என்றால் மனசு என்ன சொல்லும்?

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் குறிப்பு. போக்கியம் நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சிலர் லீசு என்பார்கள், தெற்கே ஒத்தி. ஆனால் அதை வீடு பார்க்கிற விஷயமாகத்தான் பார்க்கிறோம், கடன் கொடுக்கிற விஷயமாகப் பார்ப்பதில்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில்பாதை வரப்போகிறது என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. புரோக்கர்கள் மட்டும் அதை இன்னும் விடாமல் சொல்லி வாடகையில் 500 ஏற்றப் பார்க்கிறார்கள். திண்டிவனம் 28 கிலோமீட்டர், திருவண்ணாமலையும் விழுப்புரமும் ஏறக்குறைய 40. ஆக பஸ்தான் எல்லாம். தினமும் திண்டிவனம் போய் ரயில் பிடிக்கிறவர் கோட்டைப் பக்கம் வீடு பார்த்தால், காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வரவே தனியாக நேரமும் பெட்ரோலும் ஒதுக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டில் வேலைக்குப் போகிற பெண் இருந்தால் டவுன் பஸ் நிற்கிற தெருவுக்கு மாதம் சில நூறு ரூபாய் கூடுதல் மதிப்பு உண்டு. இதை வாடகையோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

டு-லெட் போர்டு இங்கே குறைவு. மளிகைக் கடைக்காரர், பால்காரர், இஸ்திரி போடுகிறவர் மூலமாகத்தான் தகவல் வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வீடு கிடைப்பது கஷ்டம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் காலி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். சாஸ்திரம் பார்க்காதவர்களுக்கு ஆடித் தள்ளுபடி வீட்டிலும் உண்டு. மார்கழியும் அப்படித்தான். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நான் பார்த்த வீடுகளில் பாதியில் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். நேராகக் கேட்காதவர்கள் "கறி மீன் உண்டா?" என்று சுற்றி வந்து கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கும் உதவாது. அதனால் கைக்கு எட்டுகிற வீடுகளின் எண்ணிக்கை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. பட்ஜெட் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை.

கோட்டைப் பக்கம் வாடகை குறைவாகச் சொன்ன ஒரு வீட்டையும் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து ராஜகிரி முழுசாகத் தெரியும். ஆனால் கழிவறைக் கூரை ஒழுகியது. "சரி பண்ணித் தர்றீங்களா?" என்றதற்கு வீட்டுக்காரர் சிரித்தார். தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் வருஷச் சட்டம் 2010இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும். 100 மீட்டருக்குள் இருக்கிற பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், ஆனால் அதற்கும் அனுமதி வேண்டும். அங்கே குடிபோகிறவர், இப்போது கண்ணில் படுகிற நிலையில்தான் வீடு மூன்று வருஷமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். அதிலிருந்து "யுனெஸ்கோ ஏரியா சார்" என்பதும் வாடகைப் பேச்சில் வந்துவிட்டது. குரங்குகளுக்கு யுனெஸ்கோ தெரியாது. தண்ணீர்த் தொட்டி மூடிக்குக் கல் வைக்காத வீட்டில் அதுங்கதான் முதல் குடித்தனம். (ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690இலிருந்து 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவர்களும் இவ்வளவு நாள் ஆகும் என்று நினைத்து வந்திருக்க மாட்டார்கள்.)

இனி அந்த நாலு லட்சத்துக்கு வருவோம்.

நாலு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 28,000 ரூபாய், மாதம் 2,333. அதை வீட்டுக்காரரிடம் கொடுத்தால் இந்த வட்டி எனக்கு வராது. ஆக "வாடகையே இல்லை" என்ற வீட்டின் வாடகை உண்மையில் 2,333 ரூபாய். 5,500 கொடுப்பதற்கு இது பரவாயில்லைதான். மாதம் 3,167 மிச்சம், மூன்று வருஷத்தில் 1,14,000 ரூபாய். இதே நாலு லட்சத்தை நகையை வைத்து 12 சதவீதத்துக்கு வாங்கிக் கொடுத்தால் மாத வட்டி 4,000. வெளியில் ஒன்றரை வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்க்கு, வாங்கினால் 6,000. வாடகை வீடே மேல். சேமிப்புப் பணமா, கடன் பணமா என்பதைப் பொறுத்து ஒரே வீடு லாபமாகவும் நஷ்டமாகவும் மாறும்.

இதுவரைக்கும் எல்லாரும் போடுகிற கணக்கு. இதையே வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது.

அவருக்கு நாலு லட்சம் கைக்கு வருகிறது. அதற்குப் பதிலாக மாதம் 5,500 வாடகையை விட்டுக்கொடுக்கிறார். வருஷத்துக்கு 66,000. நாலு லட்சத்துக்கு 66,000 என்றால் 16.5 சதவீத வட்டி. சொந்த வீட்டை வைத்திருக்கிறவர் அந்த வீட்டின் பேரில் வங்கியில் கடன் கேட்டால் இதைவிட நிறையக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். அப்படி இருக்க, என்னிடம் ஏன் 16.5 சதவீதத்துக்கு வாங்குகிறார்?

நல்ல காரணங்கள் உண்டு. வருமானச் சான்று இல்லாத வயசானவருக்கு வங்கி கடன் கொடுக்காது. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அவசரம் இருக்கலாம். பலருக்கு இது 16.5 சதவீதம் என்று தெரியவே தெரியாது. கையிலிருந்து காசு போகாததால் வட்டியாகத் தோன்றுவதில்லை. ஆனால் வேறு காரணங்களும் உண்டு. பட்டா இல்லை. பங்காளிகளுக்குள் பாகம் பிரியவில்லை. வரைபட அனுமதி இல்லை. அல்லது பத்திரம் ஏற்கெனவே ஒரு வங்கியில் இருக்கிறது. வங்கி எந்தக் காரணத்துக்காகக் கடன் கொடுக்க மறுக்குமோ அதே காரணம் எனக்கும் பொருந்தும். வங்கியிடம் வக்கீலும் மதிப்பீட்டாளரும் இருக்கிறார்கள். என்னிடம் முருங்கை மரம் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது.

போக்கியம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் உண்டு, பொலிவியாவில் உண்டு. மிகப் பெரிய அளவில் நடப்பது தென்கொரியாவில். அங்கே அதற்கு ஜொன்சே என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட முன்பணமாகக் கொடுத்து, பெரும்பாலும் இரண்டு வருஷம் வாடகை இல்லாமல் இருப்பார்கள். ஒரு குடித்தனக்காரர் கொடுத்த பணத்தில் வீட்டுக்காரர் அடுத்த வீட்டை வாங்குவார், அதற்கு வருகிறவரின் பணத்தில் இன்னொன்றை. விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் பிரச்சினை இல்லை. 2022இல் வட்டி ஏறி வீட்டு விலை இறங்கியபோது பணம் திரும்பவில்லை. அந்த வருஷம் இறந்துபோன ஒருவர் பேரில் மட்டும் 1,100க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்டில் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். குடிவந்த உடனே உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு வைக்கப்படும் அடமானத்தைவிட குடித்தனக்காரரின் பணத்துக்கு முன்னுரிமை. செலவு சொற்பம். ஆனால் அந்த உரிமை மறுநாள் தொடங்கும்போதுதான் உயிர்பெறும். நீங்கள் சாமான் இறக்குகிற அதே நாளில் வீட்டுக்காரர் வங்கிக்குப் போய் அடமானம் வைத்தால் வங்கி முந்திவிடும். அந்த ஒரு நாள் இடைவெளியில் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

நம்மிடம் அந்தச் சொற்பச் செலவு முத்திரையும் இல்லை. பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி ஒரு வகை அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். இதைச் சுவாதீன அடமானமாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று கணக்குப் பார்த்தேன். நாலு லட்சத்துக்கு 20,000 ரூபாய். யார் கட்டுவது என்பதில் பேச்சு நின்றுவிடும். அதனால் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்ததற்கு அது ஆதாரமாகலாம். ஆனால் அந்த வீட்டின் மீது எனக்குப் பிடிமானம் தராது. நாளைக்கு யாராவது வில்லங்கம் போட்டுப் பார்த்தால் என் நாலு லட்சம் அதில் தெரியாது.

அந்த 20,000 ரூபாயை நானே கட்டினாலும், 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 555 ரூபாய். 2,333உடன் சேர்த்தால் 2,888. அப்போதும் 5,500ஐவிடக் குறைவு. பதிவுச் செலவு அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கணக்கில் அது அவ்வளவு பெரிசாகத் தெரியவில்லை. பதிவுக்குப் போனால் வில்லங்கம் பார்க்க வேண்டிவரும், மூலப் பத்திரத்தைக் காட்ட வேண்டிவரும். பல பேருக்குச் சங்கடம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வில்லங்கத்தை இப்போது பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். அந்தம்மாவிடம் சொத்துவரி ரசீதோடு பட்டா நகலும் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். ராத்திரி போட்டுப் பார்த்தேன். கடைசி வரியில், உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான பதிவு. அதற்குப் பிறகு ரசீதுப் பத்திரம் எதுவும் இல்லை. அதாவது கடன் இன்னும் அடையவில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. "பையன் வண்டி வாங்கறதுக்கு வெச்சான் தம்பி. கட்டிக்கிட்டுதான் இருக்கான். பேங்க்ல இருக்கறது பத்திரந்தானே, வீடு இங்கதானே இருக்கு?"

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் நம்பியதையே என்னிடம் சொன்னார். ஆனால் தவணை தவறினால் 2002ஆம் வருஷ சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். அப்போது உள்ளே இருக்கிறவர் வாய்மொழியாகவோ பதிவில்லாத தாளை வைத்தோ ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஏலத்தில் வருகிற பணம் முதலில் வங்கிக்கு. நான் வீட்டையும் காலி செய்து, நாலு லட்சத்துக்காக அந்தம்மாவின் மேல் வழக்கும் போட வேண்டும்.

ஒரு வழி சொன்னேன். "ஆயா, என் பணத்த நேரா பேங்க்ல கட்டி கடனை அடைச்சிடலாம். பத்திரம் உங்க கைக்கு வரட்டும். அப்புறம் நமக்குள்ள எழுதிப் பதிவு பண்ணிக்கலாம், செலவு என்னுது." அவருக்குப் பிடித்திருந்தது. பையன் போனில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாலு லட்சத்துக்கு அவர் வேறு திட்டம் வைத்திருந்தார்.

பையன் ஒத்துக்கொண்டிருந்தாலும் ஒரு ஓட்டை இருந்திருக்கும். தனியாரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராது. அதனால் வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கணும். நகல் மட்டும் காட்டுகிறவரிடம் அசல் எங்கே என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் 5,500 வாடகைக்கே ஒரு வீடு எடுத்தேன். அட்வான்ஸ் பத்து மாதம், 55,000 கேட்டார்கள். தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பேரூராட்சிகளும் அதில் வரும், ஆகவே செஞ்சியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவாகணும், இணையத்திலேயே செய்யலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களும் அந்த வாலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்பணும். நான் சட்டத்தைச் சொல்லி 30,000க்கு இறக்கினேன், பதிவுக்கும் சம்மதிக்க வைத்தேன். இந்த 30,000க்கு இழக்கிற வட்டி மாதம் 175 ரூபாய்தான். முன்பணத்தில் பயப்பட வேண்டியது வட்டிக்கு இல்லை, திரும்ப வருமா என்பதற்கு. சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலையும் கறையையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன்.

கரன்ட் மீட்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்குத்தான். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே இணைப்பில் இருந்து சப் மீட்டர் போட்டிருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த 100தான். இரண்டு வீட்டு உபயோகமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி பில் எகிறும். வாடகை 300 ரூபாய் குறைவு என்று போய், கரன்ட்டில் அதை விட்டவர்கள் உண்டு.

ஆடி கழிந்து ஒரு வாரத்தில் அந்த முருங்கை மர வீட்டு வாசலில் சாமான் இறங்குவதைப் பார்த்தேன். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு தரம் அந்தத் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். பிறகு டீக்கடையில் அவரைப் பார்த்தபோது வில்லங்கத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார், ஆயா சொல்லிச்சு," என்றார். மஸ்கட்டில் ஏழு வருஷம் இருந்து திரும்பியவர். கையில் இருப்பது அந்தப் பணம்தான். இங்கே கிடைக்கிற வேலையில் ஒரு மாதம் காசு வரும், ஒரு மாதம் வராது. "மாசா மாசம் அஞ்சாயிரத்து ஐந்நூறுன்னா நான் எங்க போறது? கையில வெச்சிருந்தா ஆறு மாசத்துல கரைஞ்சிடும். இப்படிப் போட்டா வீடும் ஆச்சு, பணமும் ஒரு எடத்துல இருக்கும்."

பதிவு செய்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பேங்க் தவணை ரசீதை மாதா மாதம் பையனிடம் கேட்டு வாங்கச் சொன்னேன். அது நல்ல யோசனை என்று சொல்லி, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.